ரிப்பனில் தங்கும் முகங்கள்

வீட்டுக்குப் போட்டோ பிரிண்டர் வாங்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு முகத்தை எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பிரிண்டர் கவுண்டர் என் பொறுப்பு. மை ஊற்றுகிற மெஷின் நல்லதா, கேசட் போடுகிற மெஷின் நல்லதா, வைஃபை வேணுமா வேண்டாமா என்று ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது சொல்கிறேன். என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்கள், "சும்மா விலை கேக்க வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்காகப் பிரித்த பெட்டியை மறுபடி ஒட்டினவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும்தான். என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். பாப்பா பக்கத்தில் தூங்குகிறாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் செய்திருப்பீர்கள், சிரிக்காதீர்கள்.

மஞ்சள் முகம்

சின்னப் போட்டோ பிரிண்டர் ஒன்று இருக்கிறது. உள்ளே மைக்குப் பதிலாக ஒரு கேசட், அதில் ரிப்பன். பேப்பர் நான்கு தடவை வெளியே வந்து உள்ளே போகும். முதலில் மஞ்சளில் முகம் வரும். அடுத்து சிவப்பு ஏறும். மூன்றாவது நீலம் ஏறினதும் ஆள் வந்துவிடுவார். நான்காவது, மேலே ஒரு பளபளப்புப் பூச்சு. குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் கை தட்டும். டெமோ என்றால் நான் எப்போதும் இந்த மெஷினைத்தான் முதலில் ஓட்டுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா மகனோடு வந்தார். போனில் இருந்த கணவர் படத்தை நான்தான் ஆசையாக வாங்கி மெஷினுக்கு அனுப்பினேன். முதல் தடவை பேப்பர் வெளியே வந்தது. வெளிர் மஞ்சளில் கண், மூக்கு, வாய். அந்த அம்மா கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு கலர் இருக்கும்மா, சரியாயிடும்" என்று நான் தைரியம் சொன்னேன். பேப்பர் உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு மகனிடம் மெதுவாகச் சொன்னார்: "காமாலையில கடைசி நாளு இப்டித்தான்டா இருந்தாரு ஒங்கப்பா."

கூப்பிடாமல் வந்தவர்

சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. மாதத்தில் நான்கு நாள் அங்கே போவேன். கீழ வீதிப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு ரிட்டயர்டு சார், எங்கள் பிரிண்டர் தானாகவே ஓடுகிறது என்று புகார் செய்தார். சர்வீஸ் பார்க்கும் பிரபா அண்ணனும் நானும் போனோம். மேஜை மேல் ஆறு போட்டோ வரிசையாக இருந்தது. ஆறும் ஒரே முகம். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, நேராக நம்மையே பார்க்கிற ஒரு வயதான அம்மா. "மத்தியானம் படுத்திருக்கேன், கர்ருன்னு சத்தம். எழுந்து வந்தா இவங்க வெளில வந்துட்டிருக்காங்க. பவர் ஆஃப் பண்ணிட்டுப் படுத்தேன். மறுநாள் ஆன் பண்ணேன், மறுபடி இவங்கதான்" என்றார். வெயிலில் வந்த எனக்கு முதுகு சில்லிட்டது. கான்வென்ட்டில் படித்த பழக்கம், பயம் வந்தால் சாமி பெயருக்கு முன்னால் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபம் வாயில் வந்துவிடும்.

பிரபா அண்ணன் மாடிப்படி ஏறிப் போய்ச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். மாடியில் குடியிருக்கும் பெண்ணும் எங்களிடம் அதே மாடல் வாங்கியிருக்கிறாள். போனில் இரண்டு பிரிண்டருக்கும் ஒரே பெயர்தான் காட்டும். மாமியாரின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை அனுப்பி அனுப்பிப் பார்த்து, வரவில்லை என்று மறுபடி மறுபடி தட்டியிருக்கிறாள். வந்ததெல்லாம் கீழ்வீட்டில். பாஸ்வேர்டு போட்டுவிடலாம், இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்று பிரபா அண்ணன் உட்கார்ந்தார். சார் கையைப் பிடித்து நிறுத்தினார்: "வாணாம்ப்பா, யாரோ ஒருத்தராவது வந்து போவட்டும்."

நூறு வருஷம்

பெட்டியின் மேலேயே போட்டிருக்கும், நூறு வருஷம் கலர் மங்காது என்று. நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதைச் சொல்லித்தான் விற்பேன். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நூறு வருசம் கழிச்சு இது யாருன்னு யாருக்கும்மா தெரியப் போவுது?"

தெளிவாக வேண்டும் என்றவர்

இனி சொல்லப் போவது என் தப்பு. எங்கள் டெமோ மெமரி கார்டில் கம்பெனி கொடுத்த மாதிரிப் படங்கள் இருந்தன. பூ, மலை, வெள்ளைக்காரக் குழந்தை. அதில் நம் ஊர்த் தோல் நிறம் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் என் மகள் இனியா படம் ஒன்றை அதில் ஏற்றினேன். நாலு மாதக் குழந்தை, மஞ்சள் போர்வை மேல், கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுத் தூங்குகிறாள். நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். எடுக்கும்போதே மாமியார் கத்தினார்: "தூங்கற புள்ளைய போட்டோ புடிக்காத கவிதா, கண்ண மூடிக்கினு இருக்கறதப் புடிக்கவே கூடாது." நான் கான்வென்ட் படிப்பின் திமிரில் சிரித்தேன்.

ஏழுமலை என்று ஒருவர் வந்தார். கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு குப்பம். மீன்பிடி வேலை. போனை நீட்டினார். திரையில் ஏதோ பச்சைத் துணி, நடுவில் மங்கலாக ஒரு குழந்தை முகம், கண்ணாடித் தடுப்புக்கு வெளியிலிருந்து எடுத்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டதாம், எடை பத்தவில்லையாம். வேறு படமே கிடையாது. "பெத்தவ மயக்கத்துலயே கெடந்தா மேடம். அவ எழுந்திருக்கறதுக்குள்ள நாங்க எடுத்துக்கினு வந்துட்டோம். மூஞ்சிய பாக்கவே இல்லன்றா. எந்த பிரிண்டர்ல போட்டா இது தெளிவா வரும்?"

படத்தில் இல்லாததை எந்த பிரிண்டரும் கொண்டுவராது என்று உண்மையைச் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். தெளிவான படம் என்றால் எப்படி வரும் என்று காட்ட, டெமோ கார்டைச் சொருகி என் மகளை அச்சடித்தேன். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று அவள் அவர் கண் முன்னால் வந்தாள். அவர் வெகு நேரம் பார்த்தார். அந்த மெஷினேதான் வேண்டும் என்று சொல்லி, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்று கூட்டம். நானே அதில் புதுக் கேசட் போட்டுப் பெட்டியில் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். கார்டு அதிலேயே இருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் தேடிவிட்டு, எங்கேயோ விழுந்திருக்கும் என்று வேறு கார்டு போட்டுக்கொண்டேன். போகும்போது அவர் கேட்டது மட்டும் காதிலேயே நின்றது: "ஒங்க கடை மிஷின்ல இவ்ளோ தெளிவாவா வரும்?"

பழைய கேசட்

அதற்கு இரண்டு மாதம் கழித்து இனியாவுக்குக் காய்ச்சல். வரும், போகும், வெள்ளிக்கிழமை ஆனால் மறுபடி வரும். டாக்டர் வைரல் என்றார். மூன்றாவது வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். புதுக் கேசட் வாங்க வருகிறவர்கள் அளவு மாறிவிடக் கூடாது என்று பழையதைக் கொண்டுவந்து காட்டி, அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதை அப்படியே குப்பையில் போட மாட்டோம். ரிப்பனை உருவிக் கத்தரித்துத்தான் போடுவோம். ஏனென்றால் அச்சடித்த முகங்கள் எல்லாம் ரிப்பனில் தங்கிவிடும். நெகட்டிவ் மாதிரி. கறுப்பு முடி வெளுத்தும், வெள்ளை கறுத்தும். வெளிச்சத்தில் பிடித்தால் யார் என்று சொல்லிவிடலாம். நான் லீவில் இருந்தபோது சேர்ந்த கேசட்டை எடுத்து உருவினேன். மஞ்சளில் ஒரு குழந்தை. வெளுத்த முடி, தலைக்கு மேல் தூக்கின இரண்டு கை. சிவப்பில் அதே குழந்தை. நீலத்தில் அதே குழந்தை. இன்னும் உருவினேன். அடுத்த படமும் அதுவே. அதற்கடுத்ததும். ஒரு கேசட்டில் பதினெட்டுப் படம் போடலாம். பதினெட்டும் ஒரே முகம். தரை முழுக்க ரிப்பன் கிடந்தது. பிரபா அண்ணன் ஒரு முனையைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர், சிரிக்காமல் கேட்டார்: "கவி, இது நம்ம பாப்பா இல்ல?"

நாலாவது வீடு

கார்டு காணாமல் போன அன்று அந்த மெஷினை வாங்கிப் போனது ஏழுமலைதான், பில்லில் அவர் விலாசம் இருந்தது. அன்று மத்தியானமே பிரபா அண்ணனின் பைக்கில் போனோம். வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்: கார்டை வாங்க வேண்டும், பதினெட்டுப் படத்தையும் வாங்க வேண்டும், ஒன்றுகூட விடக் கூடாது.

தெருவில் வலை காய்ந்துகொண்டிருந்தது. திறந்திருந்த முதல் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை. எங்கோ பார்த்த மஞ்சள் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். அடுத்த வீட்டிலும் மாலை. மூன்றாவது வீட்டில் டிவி மேல், பக்கத்தில் சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது. நாலாவது வீட்டு வாசலில் என் கால் நின்றுவிட்டது. அங்கே நிஜப் பூ. கதம்பம். குங்குமம் வைத்த நெற்றி. கீழே விளக்கு. என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். ஏழுமலையின் மனைவி, செல்வி. என் வயதுகூட இருக்காது. ஏழுமலை பின்னால் ஓடி வந்து, சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவர் அவளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் எனக்குக் காய்ச்சல் குழந்தை வீட்டில் கிடக்கிறது. "அது என் பொண்ணு" என்றேன்.

செல்வி அழவில்லை. "தெரியும்க்கா" என்றாள்.

ஏழுமலை அவள் பக்கம் திரும்பினார். "இன்னாடி தெரியும்?"

"அந்தப் போர்வ நம்மளுதா? ஆஸ்பத்திரில சுத்துனது பச்சத் துணி. கடையில தெளிவு பண்ணாங்க, தெளிவு பண்ணாங்கன்ன. துணியோட கலரையுமா மாத்துவாங்க? நீ எனக்கோசரம் பொய் சொன்ன. சொல்லிட்டுப் போயேன்னு வுட்டுட்டேன்."

"அப்ப யார் குழந்தைன்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"தூங்கற புள்ளைய யாருக்கா போட்டோ புடிப்பாங்க? கண்ண மூடிக்கினு இருந்துச்சா, இதுவும் போன புள்ளதான்னு நெனச்சேன். பெத்தவ பாக்க முடியாம கடையிலயே வுட்டுட்டுப் போயிட்டா போல, நாமளாச்சும் வெளக்கு வைப்போம்னு... வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சொந்தக்காரங்களுக்கு ரெண்டு மூணு போட்டுக் குடுத்தேன். நாலு வீட்ல வெளக்கு எரிஞ்சா அதுக்கு நல்லதுன்னு."

வெள்ளிக்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு இனியாவின் காய்ச்சல்தான் நினைவுக்கு வந்தது. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினேன். இனியா எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டித் தட்டிச் சிரிப்பது. செல்வி குனிந்து பார்த்தாள். டம்ளர் சத்தம் வந்ததும் நிமிர்ந்தாள். சுவரிலிருந்த கதம்பத்தை அவள் பிடுங்கின வேகத்தில் ஆணியே வந்துவிட்டது. விளக்கைக் கையாலேயே அணைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் கத்தினது கடைசி வீடு வரை கேட்டது: "அத்தே, மாலய எடு! சின்னம்மா, மாலய எடு! அது உசுரோட இருக்கற புள்ள!"

பதினெட்டாவது

திரும்பி வந்தவள் மடியிலிருந்த படங்களை என் முன்னால் கொட்டினாள். எண்ணினேன். பதினேழு. இன்னொரு முறை எண்ணினேன். பதினேழுதான்.

"ஒண்ணு போட்ல இருக்கு" என்றார் ஏழுமலை. "மச்சான் எடுத்துக்கினு கடல்ல ராத்தங்கலுக்கு மீன் புடிக்கப் போயிருக்கான். நாளைக்குக் காலைல வந்துருவான் மேடம்." அன்றைக்கு இரவை நான் எப்படிக் கழித்தேன் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் இருந்த மாலையெல்லாம் இறங்கிவிட்டது. கடலில், இருட்டில், ஒரு படகில் இனியா இருக்கிறாள். அவளுக்கு மாலை இருக்கிறதா, கற்பூரம் காட்டுகிறார்களா, எதுவும் தெரியாது. காற்று திரும்பி சிப்காட் கெமிக்கல் வாடை ஜன்னலில் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். ஜெபமும் சொன்னேன், மாமியார் சொல்லி உப்பு மிளகாயும் சுற்றினேன். எதற்கு என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

காலையில் கடை திறக்கும்போதே ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்டிக் கவரில் ஈரம் படாமல் சுற்றின படம். கூடவே கார்டு. "மாலலாம் போடல மேடம். மச்சான் ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தான். எங்க பாப்பா தொணைக்கு வருதுன்னு சொல்லிக்கினே போவானாம்." பதினெட்டையும் நானே கத்தரித்தேன். அன்று சாயந்திரம் காய்ச்சல் விட்டது. டாக்டர் முந்தின நாள்தான் மருந்தை மாற்றியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண் திறந்த படம்

போன வாரம் செல்வியே கடைக்கு வந்தாள். முதல் தடவை. பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, நான் இரண்டு பேருக்கு விலை சொல்லி அனுப்பும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"செவுத்துல ஆணி அடிச்ச எடம் வெறுமனே இருக்கு. நம்ம பாப்பா போட்டோ ஒண்ணு குடுங்க. கண்ணு தொறந்து இருக்கறது. அந்த டம்ளர் தட்டறது இருந்தாலும் செரி."

நம்ம பாப்பா என்றாள். பிரபா அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கும் வாய்வரை அதுதான் வந்தது. கொடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். கொடுக்காமல் விட்டால் அந்தச் சுவரில் யார் வருவார்களோ, வேறு எந்தப் பிள்ளையோ, எந்தத் தூக்கத்திலோ என்ற பயம் இன்னொரு பக்கம். தெரிந்த இடத்தில், கண் திறந்து, சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று கடைசியில் தோன்றியது. டம்ளரோடு, இரண்டு பல்லோடு இருக்கும் படத்தை மெஷினுக்கு அனுப்பினேன். முதலில் மஞ்சளில் வந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். செல்வி கண்ணை எடுக்கவில்லை.

படத்தைக் கையில் கொடுக்கும் முன் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன். விளக்கு வைக்கக் கூடாது. குங்குமம் கூடாது. யாருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கக் கூடாது. முக்கியமாக மாலை. பூவோ பிளாஸ்டிக்கோ, எந்த மாலையும் போடவே கூடாது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் என்னை, ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்துவிட்டு, படத்தை என் விரலிலிருந்து உருவிக்கொண்டாள்: "உசுரோட இருக்கற நம்ம புள்ளைக்கு நானே மாலை போடுவனாக்கா?"

எந்தப் போட்டோ பிரிண்டர் நல்லது என்று இன்னமும் என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், பெட்டியில் போட்டு ஒட்டும் முன் கார்டைக் கழற்றிவிட்டார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்டாஃப் விலையில் கிடைத்தும் எங்கள் வீட்டுக்கு நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.